கோயில் வாசலில் எந்தப் பலகை? டெக்சஸ் கோயில்களின் அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர் குழுத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

டெக்சஸ் மாநிலத்தில் ஒரு வழிபாட்டுத் தலத்துக்குள் கைத்துப்பாக்கியோடு வரலாமா கூடாதா என்பதை முடிவு செய்யும் பொறுப்பு அந்தத் தலத்தை நிர்வகிப்பவர்களுடையது. சட்டம் சொல்லும் முறையில் வாசலில் அறிவிப்பு வைத்தால் தடை. வைக்காமல் விட்டால் அனுமதி. அறங்காவலர் குழு இதைப் பற்றி ஒரு நாளும் கூடிப் பேசவில்லை என்றாலும் முடிவு எடுக்கப்பட்டுவிட்டதாகவே பொருள், ஏனென்றால் நிர்வாகத்தின் மௌனத்தைச் சட்டம் சம்மதமாகவே எடுத்துக்கொள்கிறது. நான் வழிபடச் செல்லும் கோயில்கள் சிலவற்றின் வாசலில் காலணியைக் கழற்றச் சொல்லியும், கைப்பேசியை அணைக்கச் சொல்லியும், படம் எடுக்க வேண்டாம் என்றும் பலகைகள் இருக்கின்றன. துப்பாக்கியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதனால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

பக்தர்களிடையே இதைப் பற்றிய பேச்சு நடக்காமல் இல்லை. உணவுக்கூடத்திலும் வாகன நிறுத்தத்திலும் நடக்கும் அந்தப் பேச்சு இரண்டு தரப்பாகப் பிரிந்து நிற்கிறது. இடுப்பு உறையில் எல்லாரும் பார்க்கும்படி துப்பாக்கி தொங்கினால் தீய எண்ணத்தோடு வருபவன் வாசலிலேயே திரும்பிவிடுவான் என்று ஒரு தரப்பு சொல்கிறது. சட்டைக்கு அடியில் மறைத்து வைத்துக்கொள்வதுதான் நாகரிகம், யாரையும் அச்சுறுத்தாது, எதிரிக்கும் தெரியாது என்று மறு தரப்பு சொல்கிறது. இரு தரப்பிலும் நல்லெண்ணம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். தங்கள் குழந்தைகளைக் காக்க வேண்டும் என்ற கவலையிலிருந்துதான் இருவரும் பேசுகிறார்கள். ஆனால் துப்பாக்கி கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா என்பதைவிட, அதை வைத்திருப்பவர் யார் என்று கோயிலுக்குத் தெரியுமா என்ற கேள்வியே எனக்குப் பெரியதாகப் படுகிறது. பொதுவாக வரும் பக்தர்கள் வெளிப்படையாகவும் மறைத்தும் துப்பாக்கி கொண்டுவருவதைத் தடுங்கள். காவல் தேவை என்று கருதினால், கோயிலே பெயர் குறித்துத் தேர்ந்தெடுத்த, பயிற்சி பெற்ற மிகச் சிலருக்கு மட்டும் எழுத்தில் அனுமதி கொடுங்கள். வெளியே தெரியும் துப்பாக்கி சீருடை அணிந்த காவல்துறையினர் இடுப்பில் மட்டும் இருக்கட்டும். இந்த வேண்டுகோளுக்கான காரணங்களைக் கீழே எழுதுகிறேன்.

வெளிப்படையாகவா, மறைத்தா என்ற வழக்கு அமெரிக்காவுக்குப் புதிதன்று. கென்டக்கியும் லூசியானாவும் 1813-இலேயே ஆயுதத்தை மறைத்து எடுத்துச் செல்வதற்கு எதிராகச் சட்டம் இயற்றின. அந்த நூற்றாண்டின் நீதிமன்றங்கள் பலவும், வெளியே தெரிய ஆயுதம் தரிப்பவன் நேர்மையானவன், உடைக்குள் ஒளிப்பவன் சூழ்ச்சிக்காரன் என்ற கண்ணோட்டத்தில்தான் தீர்ப்பெழுதின. 1846-இல் ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் மறைத்து எடுத்துச் செல்வதற்கான தடையை ஏற்றுக்கொண்டு, வெளிப்படையாக எடுத்துச் செல்வதற்கான தடையை மட்டும் செல்லாது என்றது. 1850-இல் லூசியானா நீதிமன்றம், ஆயுதத்தை மறைப்பது வஞ்சகக் கொலைக்கு இடம் தரும், வெளிப்படையாகத் தரிப்பதே ஆண்மைக்கு அழகு என்ற பொருள்படப் பேசியது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த மனநிலை தலைகீழானது. 1987-இல் புளோரிடா உரிமம் பெற்றவர்கள் மறைத்து எடுத்துச் செல்லத் தாராளமாக வழிவிட்டு, வெளிப்படையாக எடுத்துச் செல்வதைத் தடைசெய்தது. அந்தத் தடை 2025 செப்டம்பரில்தான் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றால் விழுந்தது. எது நாகரிகம், எது அச்சுறுத்தல் என்பதில் அமெரிக்கர்களுக்கே காலத்துக்குக் காலம் கருத்து மாறியிருக்கிறது. ஆகையால் இரண்டில் ஒன்றுதான் இந்நாட்டின் மரபு என்று யாராவது தங்கள் முன் வந்து வாதிட்டால் அதைத் தயங்காமல் கேள்வி கேளுங்கள்.

டெக்சஸின் பழைய சட்டமோ இவற்றையெல்லாம் விடக் கடுமையானது. 1870-இல் இயற்றப்பட்ட சட்டம், தேவாலயத்துக்குள்ளோ பள்ளி அறைக்குள்ளோ மக்கள் கூடும் வேறு அவைகளுக்குள்ளோ துப்பாக்கியோடு நுழைபவருக்கு 50 முதல் 500 டாலர் வரை அபராதம் விதித்தது. அடுத்த ஆண்டு வந்த சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, கைத்துப்பாக்கியை உடலில் தரித்து நடமாடுவதையே தடுத்தது. 1872-இல் அதை உறுதிசெய்த மாநில உச்ச நீதிமன்றம், அமைதியாகக் கூடியிருக்கும் ஒரு கூட்டத்துக்குள், எடுத்துக்காட்டாக ஒரு தேவாலயத்துக்குள், இத்தகைய ஆயுதங்களோடு போக உரிமை கோருவது நகைப்புக்கிடமானது என்று கூறியது. டெக்சஸ் என்றாலே துப்பாக்கி என்று இங்கே வந்து குடியேறிய நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நூறாண்டுக்கும் மேலாக இந்த மண்ணில் சாதாரணக் குடிமகன் ஒருவர் கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் நடப்பது குற்றமாக இருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1991 அக்டோபர் 16 அன்று கில்லீன் நகரின் லூபிஸ் உணவகத்தில் 23 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அங்கே தம் பெற்றோர் இருவரையும் இழந்த சுசானா ஹப், சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத் தம் துப்பாக்கியைக் காரிலேயே விட்டுவிட்டுச் சென்றதை ஊர் ஊராகச் சொல்லி வாதாடினார். பின்னர் சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். அவருடைய துயரத்துக்கு முன் யாரும் இலேசாகப் பேசிவிட முடியாது. 1995-இல் ஆளுநர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட சட்டத்தால், உரிமம் பெற்றவர்கள் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல முடிந்தது. 2016 ஜனவரி 1 முதல் அவர்கள் அதைத் தோள் உறையிலோ இடுப்பு உறையிலோ வெளியே தெரியும்படியும் வைத்துக்கொள்ளலாம் என்றானது. 2021 செப்டம்பர் 1 முதல், சட்டத்தால் விலக்கப்படாத, 21 வயது நிரம்பிய எவரும் உரிமம் இல்லாமலே, பயிற்சி வகுப்பு எதற்கும் போகாமலே, மறைத்தும் எடுத்துச் செல்லலாம். உறையில் இருக்கும்வரை வெளிப்படையாகவும் எடுத்துச் செல்லலாம். வழிபாட்டுத் தலங்களைப் பொறுத்தவரை, சதர்லண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் 2017 நவம்பர் 5 அன்று கருவிலிருந்த சிசு உட்பட 26 உயிர்கள் பறிபோன பிறகு, 2019-இல் சட்டமன்றம் இருந்த குழப்பத்தை நீக்கியது: தடை அறிவிப்பு இல்லாத வழிபாட்டுத் தலமும் மற்ற தனியார் இடங்களைப் போன்றதே.

பலகைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில்தான் நம்மவர்கள் பெரிதும் குழம்புகிறார்கள். மாநிலத் தண்டனைச் சட்டத்தின் மூன்று பிரிவுகள் இங்கே பொருந்தும். 30.05 பிரிவின்படி வைக்கப்படும் அறிவிப்பு உரிமம் இல்லாமல் துப்பாக்கி கொண்டுவருபவரைத் தடுக்கும். கைத்துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவரை அது கட்டுப்படுத்தாது. 30.06 உரிமம் பெற்றவர் மறைத்துக் கொண்டுவருவதைத் தடுக்கும். 30.07 உரிமம் பெற்றவர் வெளிப்படையாகக் கொண்டுவருவதைத் தடுக்கும். பின்னிரண்டுக்கும் சட்டத்தில் உள்ள வாசகத்தை ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், பின்னணியிலிருந்து வேறுபட்டுத் தெரியும் நிறத்தில், குறைந்தது ஓர் அங்குல உயர எழுத்தில் அச்சிட்டு, வருவோர் கண்ணில் தெளிவாகப் படும்படி வைக்க வேண்டும். துப்பாக்கிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட சிறு ஒட்டுத்தாள் உரிமம் பெற்றவரைப் பொறுத்தவரை செல்லாது. "இறைவன் சந்நிதியில் ஆயுதம் வேண்டாம்" என்று நாம் தமிழில் எழுதி ஒட்டுவதும் அப்படியே. மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துவிட்டு எல்லாரையும் தடுத்துவிட்டதாக நினைத்தால் அது பிழையான நிம்மதி. பலகையை மீறி நுழைவதற்கு 200 டாலருக்கு மிகாத அபராதம். நேரில் சொல்லியும் வெளியேற மறுத்தால் ஓராண்டு வரை சிறை விதிக்கத்தக்க குற்றமாக அது மாறுகிறது. பலகைக்கு மேல் வாய்ச்சொல்லுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதை நம் தன்னார்வலர்கள் அறிந்திருக்க வேண்டும்.

கடைகள் பலவும் 30.07 பலகையை மட்டும் வைத்து நிறுத்திக்கொள்கின்றன. எல் பாசோ வால்மார்ட்டில் 2019 ஆகஸ்ட் 3 அன்று 23 பேரைப் பலிகொண்ட தாக்குதலுக்கு அடுத்த மாதம், அந்நிறுவனம் வாடிக்கையாளர்கள் வெளிப்படையாகத் துப்பாக்கி தரித்து வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது; உரிமத்தோடு மறைத்து வருபவர்களைத் தடுக்கவில்லை. ஒரு கடைக்கு இந்த நடுவழி போதும் என்று தோன்றலாம். கோயிலில் நடப்பவை வேறு என்பதால் அது நமக்குப் போதாது.

முதலில் வெளிப்படையாகத் தரிப்பதைப் பார்ப்போம். அதை ஆதரிப்பவர்களின் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஒளிவு மறைவு இல்லை. யாரிடம் ஆயுதம் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிகிறது. அவசரத்தில் உறையிலிருந்து எடுப்பதும் எளிது. சட்டை விலகித் துப்பாக்கி தெரிந்துவிட்டதே என்ற சட்டச் சிக்கலும் இல்லை. ஆனால் எல்லாருக்கும் தெரிகிறது என்பதில் கொலை செய்ய வருபவனும் அடக்கம். திட்டமிட்டு வருபவன் கூட்டத்தில் யாரை முதலில் வீழ்த்த வேண்டும் என்பதை அந்த உறையே அவனுக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. வைகுண்ட ஏகாதசி, தைப்பூசம், நவராத்திரி நாள்களில் நம் கோயில்களில் தோளோடு தோள் உரசித்தான் நிற்கிறோம். தீபாராதனை நேரத்தில் எல்லாருடைய கண்ணும் கருவறையை நோக்கி இருக்கும்போது, பின்னால் நிற்பவர் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் ஒருவர் இடுப்பில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி இருக்கிறது என்றால், அது யார் கைக்குப் போகும் என்பதற்கு உத்தரவாதம் யார்? காவலர்கள் பிடுங்க முடியாதபடி பூட்டுள்ள உறைகளைப் பயன்படுத்துவதும், ஆயுதத்தைப் பறிகொடுக்காமல் காக்கப் பயிற்சி பெறுவதும் இந்த ஆபத்தை அறிந்துதான். கடையில் உறை வாங்கி மாட்டிக்கொண்டு வரும் பக்தரிடம் அந்தப் பயிற்சியை எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்று, காவல்துறை வந்து சேரும் நிமிடத்தைப் பற்றியது. 2016 ஜூலை 7 அன்று டாலஸ் நகரில் நடந்த ஊர்வலத்தின்போது ஐந்து காவலர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த ஊர்வலத்தில் சிலர், அன்றும் சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருந்த முறையில், நீள் துப்பாக்கிகளை வெளிப்படையாகச் சுமந்து நடந்திருந்தார்கள். சுடும் சத்தம் கேட்டதும் அவர்கள் ஓட, யார் கொலைகாரன், யார் ஊர்வலத்தில் வந்தவர் என்று பிரித்தறிவது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை அப்போதைய காவல்துறைத் தலைவர் டேவிட் பிரவுன் பின்னர் வெளிப்படையாகவே சொன்னார். எந்தக் குற்றமும் செய்யாத கறுப்பின இளைஞர் ஒருவரின் படத்தைச் சந்தேக நபர் என்று காவல்துறையே வெளியிட்டது. அவரோ தம் துப்பாக்கியைத் தாமாகவே ஒரு காவலரிடம் ஒப்படைத்திருந்தார். அங்கே இருந்தவை நீள் துப்பாக்கிகள், நாம் பேசுவது கைத்துப்பாக்கி என்று ஒருவர் மறுக்கலாம். பதற்றத்தோடு கதவைத் திறந்து உள்ளே வரும் காவலருக்கு அந்த வேறுபாடு எவ்வளவு உதவும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் தோலின் நிறத்தைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். 1967-இல் கலிபோர்னியாவில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியினர் வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்திச் சட்டமன்றக் கட்டடத்துக்குள் சென்ற பிறகு, தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு பொது இடங்களில் நடமாடுவதைத் தடுக்கும் சட்டத்தில் ஆளுநர் ரொனால்டு ரீகன் கையெழுத்திட்டார். மறைத்து வைத்திருந்தாலும் இந்தச் சுமை தீர்வதில்லை: 2016 ஜூலை 6 அன்று மினசோட்டாவில் கறுப்பினத்தவரான பிலாண்டோ காஸ்டீல், உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பதைக் காவலரிடம் தாமே சொன்ன சில நொடிகளில் சுடப்பட்டு இறந்தார், சுட்ட காவலரை அடுத்த ஆண்டு நடுவர் குழு குற்றவாளி அல்ல என்று விடுவித்தது. ஒரே சட்டம், ஒரே உறை, ஒரே துப்பாக்கி என்றாலும் அதைத் தரித்திருப்பவர் யார் என்பதைப் பொறுத்து எதிரில் நிற்பவரின் கை வேறு விதமாக நகர்கிறது. நெற்றியில் விபூதியும் இடுப்பில் துப்பாக்கியுமாகக் கோயில் வாசலில் ஓடும் ஒரு தமிழரை, இருட்டில் வந்து இறங்கும் இளம் காவலர் எப்படிப் பார்ப்பார் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு நம் பிள்ளைகளிடம் உரிமையைப் பற்றி மட்டும் பேச எனக்கு மனம் ஒப்பவில்லை.

சரி, அப்படியானால் மறைத்தே கொண்டுவரட்டும் என்பவர்களுக்கு ஒரு கோயிலில் உடல் எப்படியெல்லாம் இயங்குகிறது என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். தேவாலயத்தில் மேற்சட்டை அணிந்து நீள் இருக்கையில் அமர்ந்திருக்கும் ஒருவருக்கு வகுத்த வழக்கம் நமக்கு அப்படியே பொருந்தாது. நாம் தரையில் சம்மணமிட்டு அமர்கிறோம். தோப்புக்கரணம் போடுகிறோம். ஆண்கள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குகிறார்கள். வேட்டி கட்டியவர்கள் மேல்துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு வெற்று மார்போடு நிற்கிறார்கள். உற்சவ நாள்களில் பல்லக்கைத் தோளில் ஏற்றி அசைந்து அசைந்து நடக்கிறார்கள். கைத்துப்பாக்கி உறை இறுக்கமான தோல் வாரையும் உறுதியான காற்சட்டையையும் நம்பி நிற்பது. வேட்டி மடிப்பில் அதற்கு நிலையான இடம் கிடையாது. விழுந்து வணங்கும்போது அது நழுவித் தரையில் விழுந்தால், இக்காலத்துத் துப்பாக்கிகள் பெரும்பாலும் விழுந்ததும் வெடிக்காதவாறு செய்யப்பட்டவைதான் என்றாலும், அதைப் பார்த்து யாராவது அலறினால் அந்த மண்டபத்தில் என்ன நடக்கும்? அருகே தவழ்ந்துகொண்டிருக்கும் குழந்தையின் கைக்கும் அதற்கும் எவ்வளவு தூரம்?

பெண்களுக்கு வேறு வகைச் சிக்கல். புடவையில் உறை மாட்டுவது அரிது என்பதால் துப்பாக்கி கைப்பைக்குள் போகும். கோயிலில் கைப்பை எங்கெல்லாம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்: காலணித் தட்டுக்குப் பக்கத்தில், தூணோரம், பாட்டியின் மடியில், விளையாடும் பிள்ளையின் கையில். 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் ஊரில் ஒரு கடைக்குள், தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை இரண்டு வயது மகன் எடுத்துவிட, தாய் அதே இடத்தில் உயிரிழந்தார். அவரிடம் மறைத்து எடுத்துச் செல்வதற்கான அனுமதி இருந்தது; துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்த பை அது. சட்டத்துக்கு உட்பட்டு, கவனமாக வாழ்ந்த ஒரு குடும்பத்துக்கு நேர்ந்தது இது.

மறைத்து எடுத்துவரும் முறையில் எனக்குள்ள இதைவிடப் பெரிய தயக்கம், அதில் பொறுப்பு என்று எதுவும் யாருக்கும் இல்லை என்பது. ஞாயிறு காலை மண்டபத்தில் இருக்கும் முந்நூறு பேரில் எத்தனை பேரிடம் ஆயுதம் இருக்கிறது, அவர்களில் யார் சுடக் கற்றவர், யாருக்குக் கை நடுங்கும், யார் அண்மையில் மன உளைச்சலில் இருக்கிறார் என்பது தலைவருக்கும் தெரியாது, அர்ச்சகருக்கும் தெரியாது, பக்கத்தில் நிற்கும் மற்றொரு துப்பாக்கிக்காரருக்கும் தெரியாது. உண்மையான ஆபத்து வரும் நொடியில் ஒருவரையொருவர் அறியாத நான்கு பேர் நான்கு மூலையிலிருந்து துப்பாக்கியை உருவினால், ஒவ்வொருவரும் மற்றவரையே கொலைகாரன் என்று கொள்ள இடமிருக்கிறது. 2021 ஜூன் 21 அன்று கொலராடோவின் அர்வாடா நகரில், காவலர் ஒருவரைக் கொன்றவனை மறைத்து வைத்திருந்த கைத்துப்பாக்கியால் வீழ்த்தியவர், கொலைகாரனின் துப்பாக்கியைக் கையில் எடுத்திருந்த நிலையில், பின்னர் வந்த காவலரால் சுடப்பட்டு இறந்தார். அவர் துணிவில் குறையேதும் இல்லை. அவர் யார் என்று வந்தவருக்குத் தெரியாமல் போனது.

பயிற்சி பெற்ற காவல் குழுவால் பயனே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஃபோர்ட் வொர்த் அருகே ஒயிட் செட்டில்மென்ட் ஊரிலுள்ள தேவாலயத்தில் 2019 டிசம்பர் 29 அன்று, பொய்த் தாடியும் பொய் முடியும் அணிந்து வந்தவனைக் காவல் குழுவினர் முன்பே கவனித்துக்கொண்டிருந்தார்கள். அவன் சுடத் தொடங்கிய ஆறு நொடிக்குள் அக்குழுவைச் சேர்ந்த ஒருவர், பிறருக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்து வந்தவர், ஒரே குண்டில் அவனை வீழ்த்தினார். அந்த ஆறு நொடியிலும் இருவர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் தம் துப்பாக்கியை உருவ முயன்றவர். ஒளிப்பதிவில் வேறு சிலரும் துப்பாக்கியை உருவியபடி நகர்வதைக் காணலாம். மறைத்து எடுத்து வருவதன் வெற்றிக்கு இந்நிகழ்ச்சியை எடுத்துக்காட்டுபவர்கள், அங்கே முன்கூட்டியே அமைத்த குழு இருந்தது, அக்குழுவினர் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

துப்பாக்கியே இல்லாமல் உயிர் காத்த நிகழ்ச்சியும் இதே வட்டாரத்தில் நடந்திருக்கிறது. 2022 ஜனவரி 15 அன்று காலிவில் நகரின் யூத வழிபாட்டு இல்லத்தில், தேநீர் கொடுத்து உள்ளே வரவேற்கப்பட்டவனே ரபியையும் (யூத மதகுரு) மற்றவர்களையும் பிணை பிடித்தான். ஏறத்தாழ பதினொரு மணி நேரத்துக்குப் பின் ரபி அவன் மீது நாற்காலியை வீசிவிட்டு, உடனிருந்தவர்களோடு வாசல் வழியே ஓடித் தப்பினார். பாதுகாப்புப் பயிற்சியில் கற்றதே தங்களைக் காத்தது என்று அவர் கூறினார். அதற்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் முன், 2012 ஆகஸ்ட் 5 அன்று, விஸ்கான்சின் மாநிலத்தின் ஓக் கிரீக் ஊரிலுள்ள சீக்கியரின் குருத்வாராவில் வெள்ளை இனவெறியன் ஒருவன் புகுந்து சுட்டபோது, லங்கர் என்னும் பொது உணவுக்குச் சமைத்துக்கொண்டிருந்த பெண்கள் சமையற்கட்டின் சிறு சேமிப்பறைக்குள் ஒளிந்து உயிர் பிழைத்தார்கள். ஆறு பேர் அன்றே இறந்தார்கள். படுகாயமுற்ற ஒருவர் 2020-இல் இறந்தார். நம் மடப்பள்ளியில் பிரசாதம் கிளறும் பெண்கள் ஓடி ஒளிய எந்த அறை இருக்கிறது, அதன் கதவு உள்ளிருந்து பூட்டுமா, பின்வாசல் வார நாள்களில் ஏன் திறந்தே கிடக்கிறது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேரால் பதில் சொல்ல முடியும்? துப்பாக்கியைப் பற்றி ஒரு மணி நேரம் வாதாடும் நாம் கதவைப் பற்றி ஐந்து நிமிடம்கூடப் பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஆகவே கோயில் செய்ய வேண்டியவை என்று நான் கருதுவதைச் சொல்கிறேன். முதன்மை வாசல், உணவுக்கூட வாசல், மடப்பள்ளிப் பின்வாசல் ஆகிய எல்லா வாசல்களிலும் மூன்று பலகைகளையும் சட்டப்படி வையுங்கள். அவற்றுக்குக் கீழே தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் அதே செய்தியைக் கனிவான சொற்களில் எழுதுங்கள். பிறகு, காவல் குழு வேண்டுமா என்பதைத் தனித் தீர்மானமாக எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்றால் உரிமம் பெற்றவர்களாக, பின்னணி விசாரிக்கப்பட்டவர்களாக, உள்ளூர்க் காவல்துறையோடு ஒத்திகை பார்த்தவர்களாக மிகச் சிலரைத் தேர்ந்து, கோயிலின் சம்மதத்தை எழுத்தில் கொடுங்கள். பலகை தடுப்பது சம்மதம் இல்லாதவர்களைத்தான். உரிமத்துக்கான சுடும் தேர்வில் 3, 7, 15 கஜத் தூரங்களில் 50 குண்டுகள் சுட்டுக் காட்டினால் போதும். நெரிசலான மண்டபத்தில் சுடாமல் இருக்க வேண்டிய தருணத்தை அறிய அது போதாது என்பதால்தான் ஒத்திகையை வலியுறுத்துகிறேன். 2017 முதல் டெக்சஸ் சட்டம் வழிபாட்டுத் தலங்களின் ஊதியம் பெறாத காவல் தன்னார்வலர்களுக்குத் தனியார் காவலர் உரிமத்திலிருந்து விலக்கு அளிக்கிறது. அதற்கு ஈடாக, அவர்கள் காவலர் என்று பொறித்த சீருடையோ சின்னமோ அணியக்கூடாது. எனவே அவர்கள் ஆயுதத்தை மறைத்து வைத்திருப்பதே பொருத்தம். பணியில் இருக்கும் நேரத்தில் அவர்கள் வேட்டி கட்டிக் கீழே விழுந்து வணங்குவதோ, பல்லக்குத் தூக்குவதோ, தீர்த்தம் வாங்க வரிசையில் நிற்பதோ கூடாது. அன்றைய வழிபாட்டை அவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டும்.

பெருங்கூட்டம் சேரும் விழா நாள்களில், பணி நேரம் முடிந்த காவலர்களைச் சீருடையோடு வாசலில் நிறுத்தும் வசதி நம் நகரங்களில் இருக்கிறது. பல கோயில்கள் போக்குவரத்தை ஒழுங்குபடுத்த ஏற்கெனவே அவர்களை அழைக்கின்றன. அஞ்சி விலக வேண்டியவன் பார்த்து அஞ்சட்டும் என்ற நோக்கம் அங்கே முழுமையாக நிறைவேறுகிறது, வந்து சேரும் காவலருக்கும் அவர் யார் என்பதில் ஐயம் எழாது. கிராமத்துக் கருப்பசாமி அரிவாளோடு ஊர் எல்லையில் நிற்பதைப் போன்ற ஏற்பாடு அது. கதவுகளுக்கும் கேமராக்களுக்கும் கூட்டாட்சி அரசின் அவசரகால மேலாண்மை நிறுவனம் இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கென்று பாதுகாப்பு மானியம் வழங்கி வந்திருக்கிறது. வழிபாட்டுத் தலங்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். குருதிப் பெருக்கை நிறுத்தும் முதலுதவிப் பயிற்சியையும் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் பெற்றோர்களில் தொடங்கி அனைவருக்கும் கொடுங்கள். கோயில் வளாகத்தில் பள்ளி நடக்கும் நேரங்களுக்கும், மண்டபம் வாக்குச்சாவடியாகும் நாள்களுக்கும் சட்டத்தில் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன. காவல் குழுவுக்கும் அவை பொருந்துமா என்பதை வழக்கறிஞர் ஒருவரிடம் முன்னதாகவே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

இதற்கு வரும் மறுப்புகளை நான் கேட்டிருக்கிறேன். பலகை வைத்தால் இங்கே யாரிடமும் ஆயுதம் இல்லை என்று கொலைகாரனுக்கு அழைப்பு விடுத்ததாகாதா என்கிறார்கள். ஓக் கிரீக்கிலும் எல் பாசோவிலும் கொலைகாரர்களை இழுத்து வந்தது அங்கிருந்த மக்கள் மீதான வெறுப்பு. சாகவும் துணிந்து வருபவனைப் பலகை அழைப்பதும் இல்லை, பலகை இல்லாமை விரட்டுவதும் இல்லை. மேலும், கோயிலின் சம்மதத்தோடு உள்ளே யார் இருக்கிறார் என்பதைப் பலகை சொல்வதில்லை. இன்னும் சிலர், நம் தெய்வங்களே வேலும் சூலமும் சக்கரமும் ஏந்தியவர்கள், ஆயுதத்துக்குப் பூசை செய்யும் மரபு நம்முடையது என்கிறார்கள். பூசைக்கு வைக்கும் ஆயுதம் அன்று யார் கையிலும் இருப்பதில்லை; கூட்டத்துக்கு நடுவே தோட்டா நிரப்பிய துப்பாக்கிக்கு அந்த மரபைச் சான்றாக்குவதை நான் ஏற்கவில்லை. உரிமை என்ற வாதத்துக்கு விடை சட்டத்திலேயே இருக்கிறது: 2022-இல் புரூயன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பொது இடத்தில் கைத்துப்பாக்கி தரிக்கும் உரிமையை உறுதிசெய்தது அரசின் தலையீட்டுக்கு எதிராக, தன் இடத்துக்குள் எதை அனுமதிப்பது என்று சொல்லும் உரிமை கோயிலுக்கு அப்படியே இருக்கிறது.

காரில் விட்டுவிட்டு வருகிறேன் என்பவர்களுக்கு ஒரு சொல். விழா நாளில் நம் வாகன நிறுத்தத்தில் எல்லாரும் இரண்டு மணி நேரத்துக்கு வெளியே வரமாட்டார்கள் என்பது திருடர்களுக்கும் தெரியும். காரோடு பிணைத்த பூட்டுப் பெட்டி இல்லாமல் துப்பாக்கியை விட்டுச் செல்ல வேண்டாம் என்றும், கூடுமானவரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்றும் வாராந்தர அறிவிப்பில் எழுதுங்கள்.

அடுத்த பொதுக்குழுவில் மூன்று பலகைகளையும் காவல் குழுவையும் தனித்தனித் தீர்மானங்களாக முன்வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன்பாக மடப்பள்ளியில் பணிபுரியும் பெண்களையும், தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களையும், அர்ச்சகர்களையும் அழைத்து அவர்கள் கருத்தைக் கேளுங்கள். நான் அறிந்தவரை, இதைப் பற்றி அர்ச்சகர்களிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை. பூசை செய்யும் நேரமெல்லாம் வாசலுக்கு முதுகைக் காட்டி நிற்பவர்கள் அவர்கள். தங்களுக்குப் பின்னால் யார் கையில் என்ன இருக்கலாம் என்று சொல்லும் முதல் உரிமை அவர்களுக்கு உண்டு.

பணிவன்புடன்,
டெக்சஸில் வாழும் தமிழ்ப் பக்தர் ஒருவர்